தூண்டில் மடல்கள்

மீன் இரையை மட்டுமே காணும். உள்ளிருக்கும் முள்ளைக் காணாது. வங்கியின் பெயரும் முத்திரையும் தாங்கி வரும் போலி மின்னஞ்சலும் அத்தகையதே. ‘கணக்கு முடக்கப்படும், உடனே விவரங்களைப் புதுப்பிக்கவும்’ என அச்சுறுத்திக் கடவுச்சொல்லைக் கவர்வதே அதன் நோக்கமாகும்.

அபுதாபியில் பணியாற்றிய தமிழர் ஒருவர் 2007 செப்டம்பரில் இத்தகைய மடலுக்கு மறுமொழி அளித்தார். அவரது ஐசிஐசிஐ வங்கிக் கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய் பறிபோயிற்று. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன்படி வழக்கை விசாரித்த தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாமையைச் சுட்டி, 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2010 ஏப்ரலில் ஆணையிட்டார். அவ்வாணைக்கே இரண்டரை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. எனவே, வருமுன் காத்தலே அறிவுடைமை.

எந்த வங்கியும் கடவுச்சொல்லையோ, ஒருமுறைக் குறியீட்டையோ மடல்வழிக் கேட்பதில்லை. கேட்பின் அது போலி எனத் தெளிக. அனுப்பியவரின் முழு முகவரியை எழுத்தெண்ணிப் படித்தல் வேண்டும். மடலிலுள்ள இணைப்பைத் தொடாது, வங்கியின் முகவரியைத் தாமே தட்டச்சு செய்தல் நன்று. ஏமாற நேரின், நாணித் தயங்காது வங்கிக்கும் 1930 என்னும் உதவி எண்ணுக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும். பணம் கைமாறுமுன் தடுக்க அதுவே வழி.

சேர்வராயன் மலைமேல் கொட்டச்சேட்டில் வாழ்வோர்க்கும், கடல் கடந்து உழைப்போர்க்கும் இவ்வலை ஒரே தொலைவில்தான் உள்ளது. கற்ற மாணவர் இதனைத் தம் இல்லத்துப் பெரியோர்க்கு எடுத்துரைத்தல் கடமையாகும்.