முகம் பார்த்து விலை கூறல்

யாவர்க்கும் ஒரே விலை என்பது அங்காடிக்குப் பழைய வழக்கமன்று. ஆள் பார்த்து விலை சொன்ன காலத்தை முடித்துவைத்தது விலைச்சீட்டே. அச்சீட்டு இன்று ஐக்கிய அமெரிக்கப் பலசரக்குக் கடைகள் பலவற்றில் மின்திரையாக மாறி வருகின்றது. விலையை ஒரு கணத்தில் மாற்றலாம். அருகிலுள்ள ஒளிப்படக்கருவி முகத்தை அளந்து இன்னார் என அறியுமாயின், அவரது முந்திய கொள்வனவுக் கணக்கோடு சேர்த்து, எவ்வளவு கொடுக்க இணங்குவார் என மதிப்பிடுதல் அரிதன்று. 2024இல் செனற்றர்கள் எலிசபெத் வாறன், பொப் கேசி ஆகிய இருவரும் குறோகர் நிறுவனத்தை இதுபற்றி எழுத்தில் வினவினர். நிறுவனம் அத்தகைய விலையேற்றத்தை மறுத்தது.

இலினோய் மாநிலத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டம், கைரேகை, முகவடிவு ஆகியவற்றைப் பெறுமுன் எழுத்துமூலச் சம்மதம் கேட்கின்றது. கவனக்குறைவால் மீறினும் 1,000 டொலர் நட்டஈடு. நியூயோர்க் நகரின் 2021ஆம் ஆண்டு விதியோ வாயிலில் அறிவித்தல் வைக்கச் சொல்லி, அத்தரவை விற்பதைத் தடுக்கின்றது. தனியாள் தரவுகொண்டு கணித்த விலையாயின் அதனைக் கூறிவிட வேண்டும் என்பது அம்மாநிலத்தில் 2025இல் நடைமுறைக்கு வந்த சட்டம். கூறிவிட்டால் விலை நிற்கும்! அறிவித்தலை வாசித்தவர் பாலும் பாணும் வாங்காது திரும்புவரோ? சலுகை அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வரலாம். முகத்தை அவ்வாறு வைத்தல் இயலாது. ஆதலின், உணவு விலையில் உடலடையாளத்தைப் புகுத்தல் அறவே விலக்கப்படவேண்டும் என்பார் பக்கமே நாம் நிற்கின்றோம். கள்வரைப் பிடிக்கக் கருவி வைத்தல் வேறு வழக்கு.