வெயில் ஊரில் வைட்டமின் டி குறையுமா? வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு

சிவகாசியில் பட்டாசுத் தொழில் வேரூன்ற வறண்ட வெயில் ஒரு முக்கியக் காரணம். இந்த ஊர்க்காரங்களுக்கு வைட்டமின் டி குறையுமான்னு கேட்டா, குறையும். பட்டாசு வெயிலில் காயுது. செய்பவர் அறைக்குள்ள உட்கார்ந்திருக்கார். தோலில் டி-யை உருவாக்கும் புற ஊதா பி கதிர், நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையா இருக்கும் நேரத்தில்தான் நல்லா கிடைக்கும். காலை ஏழு மணி இளவெயில் போதாது. 2007-ல் வெளியான திருப்பதி ஆய்வில், கிராமத்துப் பெண்களிலேயே 70 சதவீதம் பேருக்குக் குறைபாடு இருந்தது.

இதில் கூடுதலா மாட்டிக்கொள்பவர்கள் வருஷக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள். பெனிடாயின், பினோபார்பிட்டோன், கார்பமாசெபின் மூன்றும் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடும். அந்த நொதிகள் வைட்டமின் டி-யையும் சேர்த்துச் சிதைக்கும். தண்ணித்தொட்டிக்கு வரத்தும் குறைவு, அடியில் ஓட்டையும் இருக்குன்னு வச்சுக்கோங்க. விளைவு: எலும்பு வலுவிழக்கும், தொடையும் இடுப்பும் வலிக்கும், தரையிலிருந்து எழச் சிரமப்படும். வலிப்பு வந்து விழும்போது எலும்பு முறியும் ஆபத்தும் கூடும். ரத்தத்தில் கால்சியம் ரொம்ப இறங்கினால் அதுவே வலிப்பைத் தூண்டும்.

அதனால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய பரிசோதனை ‘25-ஹைட்ராக்சி வைட்டமின் டி’. ‘1,25’ என்று தொடங்கும் இன்னொன்றும் உண்டு. குறைபாடு இருக்கும்போதே அது சரியா இருப்பதுபோலக் காட்டலாம். ரிப்போர்ட்டில் அலகையும் பாருங்க: 20 நானோகிராம் என்பதும் 50 நானோமோல் என்பதும் ஒன்றுதான். 20-க்குக் கீழே போனால் குறைபாடு என்பது பரவலான கணக்கு. நல்லா இருக்கிற எல்லாரும் சும்மா பரிசோதிக்கத் தேவையில்லை என்று 2024-ல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் சொல்லியிருக்கு. வலிப்பு மாத்திரை எடுப்பவர் கணக்கு வேற.

மருந்துக்கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் பாக்கெட் பொதுவா வாரம் ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். தினமும் ஒன்று சாப்பிட்டால் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தாகம், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தால்தான் அளவு சரியா ஏறியிருக்கான்னு தெரியும்.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. டி எலும்பைக் காக்கத்தான். அது வலிப்புக்கு மருந்தில்லை. டி ஏறிடுச்சேன்னு வலிப்பு மாத்திரையை நிறுத்திடக் கூடாது. திடீர்னு நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.