ஃபிர்மான் கோட்டைவிட்ட பினால்டி

லுக்குட் பக்கம் காற்பந்துப் பேச்செடுத்தால் பெரிசுகள் மெர்டேக்கா கிண்ணத்திலேயே நின்றுவிடுவார்கள். எனக்கு 2010தான். டிசம்பர் 26, புக்கிட் ஜாலில், ஆசியான் கிண்ண இறுதியின் முதல் ஆட்டம். கண்ணில் லேசர் அடிக்கிறார்கள் என்று இந்தோனேசியர்கள் திடலைவிட்டு வெளியேறினார்கள். நம் ரசிகர்கள் செய்தது அசிங்கம்தான். ஆட்டம் தொடர்ந்ததும் சாஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று: 3-0.

மூன்று நாள் கழித்து ஜகார்த்தா. 18ஆவது நிமிடத்தில் அவர்களுக்குப் பினால்டி. கேப்டன் ஃபிர்மான் உத்தினா வலுவில்லாமல் உதைக்க, கைருல் ஃபாமி பாய்ந்து தடுத்தார். ஒட்டுக்கடையில் தே தாரிக் கிளாசோடு அத்தனை பேரும் எழுந்துவிட்டோம். அது உள்ளே போயிருந்தால் கதையே வேறு. அன்று 2-1 எனத் தோற்றும், மொத்தத்தில் 4-2.

பயிற்றுநர் கே. ராஜகோபால். வெளிநாட்டுப் பயிற்றுநர்களைத் தேடி ஓடுகிறவர்கள் கவனிக்கட்டும்: மலேசியாவுக்கு முதல் ஆசியான் கிண்ணத்தை வென்று தந்தவர் அவர்தான்.