நம் சுவரிலுள்ள திருமகள்

மாதுங்கா, செம்பூர், தாராவிப் பகுதிகளில் நம்மவர் இல்லங்களில் திருமகள், கலைமகள் படங்களைக் காண்கிறோம். ஊரிலிருந்து நம்முடன் வந்தவை என்றே அவற்றை எண்ணுகிறோம். ஆனால், அவ்வடிவங்கள் வீடுதோறும் பரவியதில் மும்பைக்குப் பெரும் பங்குண்டு.

கிளிமானூரில் 1848-இல் பிறந்த இரவிவர்மா, மேனாட்டு எண்ணெய் வண்ண முறையில் நம் புராணக் கதைகளைத் தீட்டியவர். 1888-இல் பரோடா மன்னர் 14 புராண ஓவியங்களை வரையுமாறு அவரைப் பணித்தார். தமயந்திக்கும் திரௌபதிக்கும் எந்நாட்டு உடை பொருந்தும்? விடை தேடி, தம்பி இராஜராஜவர்மாவுடன் வடநாட்டில் பயணம் செய்தார். மக்களின் உடைகளையும் அணிகளையும் நேரிற் கண்டார். பாரதம் முழுமைக்கும் பொதுவான உடை ஒன்றில்லை என்பதை அப்பயணம் உணர்த்தியது. பல வட்டாரப் பெண்டிரும் அணிந்த சேலையையே அவர் தம் தெய்வ மகளிர்க்கும் உடுத்தினார்.

ஓவியங்களை அச்சிட்டுப் பரப்பலாம் என்று கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ் முன்னரே யோசனை கூறியிருந்தார். 1894-இல் மும்பையில் வண்ணக் கல்லச்சுக்கூடம் எழுந்தது. அரண்மனைச் சுவர்களுக்கே உரியதாயிருந்த கலை எளியோர் பூசை மாடத்தை அடைந்தது. கோயிலுக்குள் நுழைய விடப்படாதவர் இல்லத்திலும் திருமகள் எழுந்தருளினாள்.

மலையாள நாட்டு ஓவியர், தமிழ்நாட்டில் பிறந்தவரின் யோசனை, மராட்டிய மண்ணில் அச்சு: நம்மைப் போலவே அவளும் பல நாடு கடந்து இந்நகருக்கு வந்தவளே.