சோம்பல் அல்ல, சோகை!

குழந்தைகளே... வகுப்பில் தூங்கி வழியும் தோழியை, 'சோம்பேறி' என்று கேலி செய்கிறீர்களா? ஆசிரியராக இருந்தபோது, நானும் ஒரு மாணவியை அப்படித் திட்டியிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு ரத்தசோகை!

நம் எலும்பு மஜ்ஜையில், நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்கள் உருவாகின்றன. ஒவ்வொன்றும், 120 நாட்கள் வரை ஆக்சிஜனைச் சுமந்து உழைக்கும். சுமக்க உதவுவது, அதிலுள்ள ஹீமோகுளோபின். அது உருவாக இரும்புச்சத்து தேவை. இரும்புச்சத்து குறைந்தால், களைப்பும், மூச்சு வாங்குதலும் வரும்.

கொக்கிப்புழு, வெறுங்கால் வழியே நுழைந்து, குடலில் ரத்தம் குடிக்கும். எனவே, செருப்பு அணியுங்கள். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவிர்க்காதீர்கள். கீரையுடன் நெல்லிக்காயும் சாப்பிடுங்கள். இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட உடனே டீ வேண்டாம். அது இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும்.

தோழி சோர்ந்திருந்தால், கேலி செய்யாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். சிறு ரத்தப் பரிசோதனை, உண்மையைச் சொல்லிவிடும்!