விளக்கக் கட்டுரை: கைவிடப்பட்ட பிராணிகளைத் தத்தெடுத்தல்



"வாயில்லாச் சீவன்களிடம் அன்பு காட்டுவோம்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், உங்களில் அநேகர் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் எழுதி முடித்துவிடுகிறீர்கள். அது பிழையன்று. ஆனால் ஒரு நாள் இரங்குவது வேறு, நாள்தோறும் பராமரிப்பது வேறு. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. இதற்கான உதாரணம் எமது வன்னிப் பெருநிலப்பரப்பிலேயே இருக்கின்றது.

1. இயக்கச்சியில் ஒரு சரணாலயம்

கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும்போது பரந்தன், ஆனையிறவு ஆகியவற்றைக் கடந்தால் இயக்கச்சி வரும். அங்கே கைவிடப்பட்ட நாய்களுக்கெனச் சிவபூமி அறக்கட்டளை ஒரு சரணாலயத்தை நடத்துகின்றது. கலாநிதி ஆறு. திருமுருகன் தலைமையிலான இவ்வறக்கட்டளை, முதியோர் இல்லம், விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான பாடசாலை முதலியவற்றையும் நடத்துகின்றது. இப்பணிகள் அன்பர்களின் நன்கொடைகளால் நடைபெறுகின்றன.

நன்கொடை ஏன் ஓயாமல் தேவைப்படுகின்றது? ஒரு கணக்கைப் பாருங்கள். ஓர் இல்லத்தில் 100 நாய்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு நாய்க்கு நாளொன்றுக்கு 250 கிராம் அரிசி வீதம் 25 கிலோ, அதாவது ஒரு மூடை அரிசி வேண்டும். ஆண்டுக்கு 365 மூடைகள். மீன், மருந்து, தண்ணீர், வேலையாட்களின் சம்பளம் ஆகியவை இதில் சேரவில்லை. நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும் என்பதையும் மறவாதீர்கள்.

2. படலையடியில் ஒரு பெட்டி

ஒரு மாரி காலத்துக் காலையில் எமது வகுப்புக் கொட்டிலின் படலையடியில் ஒரு மட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே கண் திறந்து சில நாட்களேயான ஐந்து நாய்க்குட்டிகள். ஐந்தும் பெட்டைக் குட்டிகள். "சேர், இதுகளை இயக்கச்சியிலை கொண்டுபோய் விடுவமே?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

நல்ல மனத்துடன் கேட்ட கேள்விதான். ஆனால் எல்லோரும் கொண்டுபோய் விட்டு, ஒருவரும் அழைத்து வராவிட்டால் எந்த இல்லமும் நிரம்பிவிடும். நிரம்பிய இல்லத்தில் புதிதாக வரும் காயப்பட்ட நாய்க்கு இடம் இராது. நன்கொடை ஒரு நாயின் இன்றைய பசியைத் தீர்க்கும். தத்தெடுத்தலோ ஒரு நாய்க்கு வீட்டையும், இன்னொரு நாய்க்கு இல்லத்தில் இடத்தையும் தரும். இதுவே நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டிய முக்கிய கருத்தாகும்.

அந்த ஐந்தில் இரண்டு குட்டிகள் அன்றைய குளிருக்குத் தப்பவில்லை. இரண்டை மாணவர்களின் வீட்டார் பொறுப்பேற்றனர். ஒன்று இன்றும் எமது வகுப்பு வாங்கின் கீழ் படுத்திருக்கின்றது.

3. பெட்டைக் குட்டிகள் ஏன் வீசப்படுகின்றன?

கடுவன் குட்டியைக் கேட்டு வாங்குவோர் பெட்டையை வேண்டாம் என்பர். அது குட்டி ஈனும் என்பதே காரணம். எனவே அவை சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விடப்படுகின்றன. நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஒரு பெட்டை ஆண்டில் ஒரு முறை ஆறு குட்டிகள் ஈனுவதாகவும், அவற்றுள் மூன்று பெட்டைகள் எனவும் கொள்வோம். மறு ஆண்டில் தாயும் அம்மூன்றும் சேர்ந்து 24 குட்டிகள் ஈனும். எல்லாம் பிழைத்தால் இரண்டு ஆண்டுகளில் 30 குட்டிகள்! ஒரு கருத்தடைச் சத்திரசிகிச்சை இவ்வளவையும் தடுத்துவிடும். ஆகவே பிரச்சினை பெட்டைக் குட்டியில் இல்லை. எமது கவனயீனத்திலேயே உள்ளது.

இலங்கையில் 2006 ஆம் ஆண்டு முதல் கட்டாக்காலி நாய்களைக் கொல்லாமை அரசின் கொள்கையாக இருந்து வருகின்றது. அதற்குப் பதிலாகக் கருத்தடையும் தடுப்பூசியும் வலியுறுத்தப்படுகின்றன. இவ்வழியை முன்னரே காட்டியது சென்னையிலுள்ள புளூ குரொஸ் அமைப்பு. 1959 இல் கப்டன் வி. சுந்தரம் தொடக்கிய அவ்வமைப்பு, 1964 முதல் தெருநாய்க் கருத்தடையை மேற்கொண்டது. இலங்கையில் 2007 இல் ஒதாரா குணவர்தன தொடக்கிய எம்பார்க் அமைப்பு, தெருநாய்களுக்கு வீடு தேடிக் கொடுத்து வருகின்றது.

4. விசர்நாய்க்கடி நோய்

"தெருநாய் விசர் நாய்" என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. மனிதருக்கு ஏற்படும் இந்நோயில் ஏறத்தாழ 99 சதவீதம் நாய்கள் மூலமே பரவுகின்றது. அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக அரிது. ஆயினும் தடுப்பூசியால் இதனை முற்றாகத் தடுக்கலாம். இலங்கையில் 1973 இல் 377 பேர் இந்நோயால் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அது 20 முதல் 30 வரை குறைந்துள்ளது. ஓர் இடத்திலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி ஏற்றினால் பரவல் அறுபடும். எனவே ஊசி போட்ட வளர்ப்பு நாய் ஊருக்கே ஒரு காவல்.

நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

5. தத்தெடுக்க முன்

• வீட்டார் அனைவரின் சம்மதத்தையும் பெறுங்கள். நீங்கள் பரீட்சைக்குப் படிக்கும் நாட்களில் சோறு வைப்பவர் யார் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்.
• வளவுக்கு வேலியும் படலையும் உண்டா என்று பாருங்கள். வீதியில் அலையும் நாய் வாகனத்தில் அடிபடும்.
• எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம்.
• தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுவியுங்கள். கருத்தடை பற்றிக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.
• வளர்ந்த நாயாயின் புதிய இடத்துக்குப் பழகச் சில நாட்கள் பொறுத்திருங்கள். உணவு உண்ணும்போது தொடாதீர்கள்.
• இயலாவிட்டால் தத்தெடுக்க வேண்டாம். ஒரு கிலோ அரிசி கொடுப்பதும் உதவியே. இரண்டாம் முறை கைவிடப்படுவது முதலாவதிலும் கொடியது.

முடிவுரை

2008, 2009 ஆம் ஆண்டுகளில் எமது மக்கள் இடம்பெயர்ந்தபோது, வளர்த்த ஆடு, மாடு, நாய்களை அவிழ்த்துவிட்டு நடந்தார்கள். அன்று வேறு வழி இருக்கவில்லை. அந்த நாயின் பெயரை உங்கள் தாய் தந்தையரிடம் கேட்டுப் பாருங்கள். பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். இன்று எமக்கு வழி உண்டு. எனவே இன்றைய கைவிடலுக்கு நாம் சாட்டுச் சொல்ல முடியாது.

பயிற்சி வினாக்கள்

1. நன்கொடைக்கும் தத்தெடுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு வாக்கியங்களில் எழுதுக.
2. பெட்டைக் குட்டிகள் வீசப்படுவதைத் தடுக்க உமது கிராமத்தில் மேற்கொள்ளக்கூடிய மூன்று நடவடிக்கைகளைக் குறிப்பிடுக.
3. உமது கிராமத்தில் தடுப்பூசி முகாம் ஒன்றை நடத்துமாறு வேண்டிப் பிரதேச சபைத் தவிசாளருக்கு ஒரு கடிதம் எழுதுக.