இறங்கும்போதுதான் முட்டி தெரியும்

பினாங்கின் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். போன வெள்ளிக்கிழமை காலை, 68 வயதில், அம்மா அத்தனையும் ஏறிவிட்டார். இறங்கத் தொடங்கிய பத்தாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறும்போது முருகன் தூக்கிட்டுப் போனான். இறங்கும்போதுதான் முட்டி என்னோடதுன்னு தெரியுது."

பிசியோதெரபிஸ்டான நானே இதை இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு கால் கீழ்ப்படியைத் தொடும்வரை உடம்பின் பாரமெல்லாம் மேல்படியில் மடங்கி நிற்கும் மற்ற காலில்தான். தொடைத் தசை அந்தப் பாரத்தை இழுத்துப் பிடித்தபடியே மெல்ல இறக்க வேண்டும். முட்டிக்குள் அழுத்தம் உடல் எடையைப்போல மூன்று மடங்கைத் தாண்டும். அம்மா 60 கிலோ. படிக்குப் படி 180 கிலோவுக்கு மேல்!

முட்டி கீல் மூட்டு, கதவுபோல ஒரே வாக்கில் மடங்கும் என்று பள்ளியில் படித்தோம். முழங்கைக்கு அது பொருந்தும். முட்டியில் தொடையெலும்பின் இரண்டு குமிழ்களும் உருண்டுகொண்டே வழுக்கவும் செய்கின்றன. காலை முழுதாக நீட்டும்போது கடைசியில் ஒரு சின்னத் திருகலும் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியை மடக்கியபடி பாதத்தை உள்ளும் வெளியும் திருப்பிப் பாருங்கள், கெண்டைக்கால் சேர்ந்து திரும்பும்.

இடுப்பும் தோளும் பந்துக்கிண்ண மூட்டுகள். இடுப்பில் கிண்ணம் ஆழம், உறுதி அதிகம். தோளில் ஆழமில்லை. தைப்பூச ரதத்துக்கு முன்னால் கையை ஓங்கித் தேங்காயை வீசி உடைக்க முடிவது அதனால்தான். தோள் எளிதில் நழுவிவிடுவதும் அதனால்தான். திருநீற்றைக் கிள்ளும் கட்டைவிரலின் அடியில் சேண மூட்டு. மலைமேல் நின்று ஜார்ஜ் டவுன் பக்கம் தலையைத் திருப்ப, கழுத்தில் முளை மூட்டு.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. மூட்டுக்குள் முட்டை வெள்ளைக்கருபோல ஊறும் நீர்தான் அதற்குச் சாப்பாடு. மிதித்தால் பிழியும், காலைத் தூக்கினால் உறிஞ்சும். வலிக்கிறதென்று ஒரேயடியாக உட்கார்ந்துவிடும் பாட்டிகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

"வலிக்கிற காலை முதல்ல கீழ வைங்கம்மா. கைப்பிடிய விடாதீங்க." உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிச் சேர்ந்தோம்.

அன்று மாலையிலிருந்து சமையலறை நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். தொடை வலுத்தால் முட்டி வலி குறையும். நேற்று எட்டு வரை எண்ணினார்.